விற்பதற்கு முன் மடிக்கணினியின் பேட்டரியை மாற்றலாமா?

மதுரையில் ஆறாண்டுகளாக நான் பயன்படுத்திவரும் லெனோவோ திங்க்பேட் டி480 மடிக்கணினியை இம்மாத இறுதிக்குள் விற்க வேண்டியிருக்கிறது. உள்ளொன்று, கழற்றக்கூடிய வெளியொன்று என இரண்டு பேட்டரிகள் கொண்ட மாடல் இது. இயல்பான தேய்மானத்தால், 24 வாட்-மணி கொள்ளளவுடன் வந்த உள் பேட்டரியில் இப்போது 9 மட்டுமே எஞ்சியிருப்பதாக விண்டோஸின் பேட்டரி அறிக்கை காட்டுகிறது. வெளிப் பேட்டரியும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. வீக்கம் எதுவும் இல்லை. சார்ஜரில் இணைத்தால் குறையின்றி இயங்குகிறது.

முழுதாக வடியவிட்டு மீண்டும் சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் புதுப்பித்தேன். பயனில்லை (தேய்ந்த கொள்ளளவு இதனாலெல்லாம் திரும்பாது என்பது பிறகுதான் புரிந்தது). இரண்டையும் மாற்றக் கடையில் 6,500 ரூபாய் கேட்கிறார்கள். வாங்க வந்த ஒருவரோ இப்போதைய நிலையிலேயே 11,000 தருவதாகச் சொல்கிறார்.

இதே மாடலை விற்ற அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: வெளிப் பேட்டரியை மட்டும் மாற்றி விற்பதா, குறையைத் தெரிவித்து அப்படியே கொடுத்துவிடுவதா, எதில் கைக்கு அதிகம் நிற்கும்?