சுவர்க் கறையைப் படமெடுத்தால் அது போரின் ஆவணமா?

கருவிழி:
ஜப்பானியப் புகைப்படக்காரர் கிகுஜி கவாடா 1965இல் வெளியிட்ட ‘வரைபடம்’ தொகுப்பை மறுபடி புரட்டினேன். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பின் எலும்புக்கூடாக நின்ற கட்டடத்தின் சுவர்க் கறைகள்தான் பக்கம் பக்கமாக. கன்னங்கரேலென்று திட்டுத் திட்டாக, கொப்புளம் போல் உரிந்த பூச்சு. விவரம் தெரியாதவர் ஏதோ பாழடைந்த கிடங்கு என்றுதான் நினைப்பார். சொந்த நாட்டு மக்கள் அத்தனை பேர் செத்திருக்க, சுவரையா எடுப்பது? வேதனைக்கு அழகு பூசுவதாகவே எனக்குப் படுகிறது.

சாளரம்:
வானில் குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளித்தான் அந்தக் கட்டடம் இருந்தது. உள்ளே இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடந்ததைப் பார்த்து மிஞ்சியது அந்தச் சுவர்தானே? அப்புறம், அதே தொகுப்பில் ஈரத்தில் கசங்கிக் கிடக்கும் ஜப்பானியக் கொடியும் அமெரிக்க சிகரெட் பெட்டியும் வருகின்றன. மடித்த தாள்களை நம் கையால் விரித்துத்தான் பார்க்க வேண்டும். கறையைப் பார்த்த கண்ணோடு அந்தக் கொடியைப் பார்த்தால் அதுவும் கறையாகவே தெரிகிறது.

கருவிழி:
சரி, யோஷிதோ மட்சுஷிகேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிரோஷிமாக்காரர், பத்திரிகைப் புகைப்படக்காரர். 1945 ஆகஸ்ட் 6 அன்றே காமிராவோடு தெருவில் இறங்கினார். மியுகி பாலத்தருகே தீக்காயத்தோடு கூடியிருந்த மாணவர்களை எடுத்தார். அன்று அவர் எடுத்ததில் நமக்குக் கிடைத்தவை 5 படங்கள். அவற்றுக்கு முன்னால் எத்தனை சுவர் நிற்கும்?

இளவேனில்:
அந்த 5 ஏன் 50 ஆகவில்லை? பாலத்தில் படமெடுக்கக் கை வராமல் வெகுநேரம் நின்றதாகவும், கண்ணீரில் காமிரா வழியே பார்த்த காட்சி மங்கியதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் முதுகுகள்தான். அந்தத் தயக்கம் நின்ற இடத்திலிருந்து கவாடா தொடங்குகிறார் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கருவிழி சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எந்தச் சுவர், எந்த ஊர் என்று படத்தோடு எழுதியே ஆக வேண்டும்.

கருவிழி:
முதுகானாலும் அது ஓர் ஆளின் முதுகு, நண்பரே. கருகிய முடி தெரிகிறது, கிழிந்த சீருடை தெரிகிறது. ‘இது நான்தான்’ என்று பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தில் தன்னை அடையாளம் காட்டிய பெண் உண்டு. கறையைப் பார்த்து யார் அப்படிச் சொல்ல முடியும்?

சாளரம்:
யாராலும் முடியாது. அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டவும் உடம்பு மிஞ்சவில்லை. அவர்களுக்காக வேறு எதைப் படமெடுக்கச் சொல்கிறீர்கள்?