கியோட்டோ, நாரா: 16 மாணவர்கள், 4 நாள், எந்தக் கோயில்களை விடலாம்?

கேள்வி:
ஒசாகாவில் படிக்கிறோம். வசந்த விடுமுறையில் வகுப்பிலிருந்து 16 பேர் நான்கு நாள் கியோட்டோ, நாரா போகிறோம், திட்டம் போடும் வேலை என் தலையில். பட்டியல் எழுதினால் 22 இடம் வந்து நிற்கிறது, எதை வெட்டினாலும் யாராவது முகம் சுளிக்கிறார்கள். போன தடவை ஒரே நாளில் ஏழு கோயில் ஓடி ஓடிப் பார்த்தோம், ராத்திரி படங்களைப் பார்த்தால் எது எந்தக் கோயில் என்றே தெரியவில்லை. அது மறுபடி நடக்கக்கூடாது. ஐந்து பேர் சுத்த சைவம், அந்தக் கவலையும் இருக்கிறது. கும்பிடும் முறையும் தெரிந்தால் நல்லது.

பதில் 1:
ஒரு நாளைக்கு இரண்டு இடம், மூன்றாவது வேண்டவே வேண்டாம். சான்ஜூசான்கென்டோ பட்டியலில் இருக்கிறதா? சுமார் 120 மீட்டர் நீளமுள்ள மரக் கூடம், உள்ளே கருணையின் போதிசத்துவரான கன்னோனுக்கு 1001 சிலைகள். எனக்கு அதைவிடப் பிடித்தது முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தெய்வங்கள். பிரம்மா, இந்திரன் எல்லோரும் ஜப்பானியப் பெயரோடு அங்கே இருக்கிறார்கள், கருடன் "கருரா" என்ற பெயரில் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு நிற்கிறார். அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகர மனமே வரவில்லை. உள்ளே படம் எடுக்கக்கூடாது, அதனால் உங்கள் கூட்டம் கட்டாயம் கண்ணால்தான் பார்க்கும்! அங்கிருந்து கியோமிசு கோயிலுக்கு நடந்தே போகலாம், ஆனால் கியோமிசுவைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், 13 மீட்டர் உயர மர மேடையில் அந்த நேரத்தில் நிம்மதியாக நிற்கலாம்.

பதில் 2:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வெட்டுவதானால் நான் கியோட்டோவின் பொற்கோயிலை (கின்காகுஜி) வெட்டுவேன். அழகுதான், ஆனால் 1950இல் எரிந்துபோய் 1955இல் மறுபடி கட்டியது, உள்ளேயும் விடமாட்டார்கள், குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். அந்த நேரத்தை ரியோஆன்ஜி கோயிலில் செலவழியுங்கள். கல் தோட்டத்தில் 15 கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஏதாவது ஒன்று மறைந்துவிடும். பேசாமல் இருபது நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.

அப்புறம், 16 பேரும் ஒரே நகரப் பேருந்தில் ஏறாதீர்கள், அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. நாலு நாலு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். நாராவுக்கு ஜேஆர் ரயிலில் போனால் வழியிலேயே இனாரி நிலையம், இறங்கியதும் எதிரே ஃபுஷிமி இனாரி என்ற ஷின்டோ கோயில் (ஷின்டோ ஜப்பானின் சொந்த மதம்), நுழைவுக் கட்டணமே இல்லை. நாராவில் டோடைஜி கோயில் மட்டும் போதும். அங்குள்ள பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி, அவர் பிடித்த தூரிகையில் கட்டிய கயிறுகளைக் கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்களாம். இதை உள்ளே போகும் முன்பே உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள், பார்க்கிற பார்வையே மாறும்.

பதில் 3:
சைவம் சாப்பிடுகிறவர்களுக்காகவே எழுதுகிறேன். சாதாரணக் கடையில் மிசோ சூப்பில்கூட மீன் துருவல் கொதிக்கவைத்த தாஷி இருக்கும், காய்கறி மட்டும்தானே என்று நம்பிவிடாதீர்கள். ஒரு ராத்திரியைக் கோயில்கள் நிறைந்த மலையூரான கோயாசானில் கழியுங்கள், கோயிலிலேயே தங்கலாம். அங்கே தருவது ஷோஜின் ரியோரி, துறவிகளின் சாப்பாடு: மீன் இல்லை, பூண்டு வெங்காயம் இல்லை, தாஷிகூடக் கடற்பாசியிலும் காளானிலும்தான். எள்ளில் செய்யும் கோமாதோஃபு வாயில் கரையும். காலை வழிபாட்டுக்கும் எழுந்துவிடுங்கள்.

ஓகுனோயின் கல்லறைப் பாதை 2 கிலோமீட்டர், மெதுவாக நடங்கள். கற்களில் சமஸ்கிருத எழுத்துகள் செதுக்கியிருக்கும். பாதையின் முடிவில், கோயாசானை நிறுவிய துறவி கூகாய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி இன்றைக்கும் தினம் இரண்டு வேளை உணவு கொண்டுபோகிறார்கள். ஜீவசமாதி என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, நான் அங்கே கண் கலங்கி நின்றேன். மார்ச்சிலும் நல்ல குளிர், கம்பளி மறக்காதீர்கள்.

கும்பிடுவது சுலபம். டோரி வாசல் (இரண்டு தூண், மேலே குறுக்குக் கட்டை) இருந்தால் ஷின்டோ கோயில்: இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்க வேண்டும். புத்தர் கோயிலில் கைதட்டக்கூடாது, கைகூப்பினால் போதும். ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், செருப்பைக் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் ரொம்ப நன்றி. 22ஐ ஆறாகக் குறைத்துவிட்டேன், பொற்கோயிலை வெட்டியதில் இரண்டு பேருக்கு வருத்தம்தான், சரி, பேசிக்கொள்கிறேன். கோயாசானில் 16 பேருக்கும் ஒரே கோயிலில் இடம் கிடைக்குமா என்று நாளைக்கே கேட்கிறேன்.