மறு: பாட்டில்நெக் – தடையா, இடுக்கா, குறுமடையா?

வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்தேன். திருப்பூர்த் தம்பி கேட்டது, பழைய கேமிங் கம்ப்யூட்டரில் 15,000 ரூபாய்க்குள் எதை மாற்றலாம் என்று. பதில் எழுதிய எல்லாரும் பாட்டில்நெக், பாட்டில்நெக் (மொத்த வேகத்தையும் இழுத்துப்பிடிக்கிற மெதுவான பாகம்) என்று எழுத, அதற்குத் தமிழில் என்ன என்று பேச்சு திரும்பிவிட்டது. திரும்பியது நல்லதுதான். இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான் நிறையப் பேர் தேவையில்லாத பொருளில் காசைப் போடுகிறார்கள்.

> தடை, முட்டுக்கட்டை என்று ஏற்கெனவே இருக்கிறதே, எதற்குப் புதிதாக ஒன்று?

இருக்கிறது. ஆனால் இரண்டுமே எதிலோ மோதி நின்றுபோவதைச் சொல்கின்றன. தம்பியின் பெட்டியில் எதுவும் நிற்கவில்லை. ஐ5-4570 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒற்றைக் குச்சியாக, ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க்; எல்லாம் 2013, 2014 வாக்கில் வந்த சரக்கு, எல்லாம் இன்றும் பழுதில்லாமல் ஓடுகிறது. ஒன்றின் வேகத்துக்கு இன்னொன்று ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதைத் தடை என்று எழுதினால், படிக்கிற பையன் ஏதோ கெட்டுப்போய்விட்டது, கழற்றிப் போட வேண்டும் என்றுதான் நினைப்பான்.

பாட்டில்நெக்கை அப்படியே பெயர்த்த புட்டிக்கழுத்து வேண்டாம். அதைக் கேட்டு எந்தத் தமிழருக்கும் வேகம் குறைவது நினைவுக்கு வராது.

> இடுக்கு நல்ல பழஞ்சொல், சின்னது, எல்லாருக்கும் தெரியும்.

கோபிப் புலவர் ஐயா சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். சின்னது, தெரிந்தது, சரி. ஆனால் இடுக்கு எப்போதும் இடுக்குதான், அதன் வழியாக எதுவும் போகாவிட்டாலும். நாம் தேடுகிற சொல் அப்படிப்பட்டது இல்லை ஐயா. இந்தப் பெட்டியில் இணையம் பார்க்கும்போதும் கணக்கு எழுதும்போதும் அந்த ஐ5 தாராளம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஓட்டினால் அதுவே பத்தாது. வருகிற வரத்தைப் பொறுத்துத்தான் ஒன்று குறுகலாகிறது, அந்த ஓட்டம் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதனால்தான் குறுமடை என்று முன்வைக்கிறேன்.

கீழ்பவானிப் பாசனத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பவானிசாகரிலிருந்து வருகிற பெரிய வாய்க்கால் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடினாலும், நம் வயலுக்கு எவ்வளவு என்பதை மதகும், அதிலிருந்து பிரியும் கொப்பு வாய்க்காலும், கடைசியில் வயல் மடையும் (தண்ணீர் வயலுக்குள் நுழைகிற வாய்) தான் முடிவு செய்கின்றன. மடை சின்னதாக இருந்தால் வாய்க்கால் நிறைய ஓடியும் பாத்தி நனைய நேரமாகும். சரி என்று மடையை அகலமாக வெட்டிவிட்டால், இப்போது கொப்பு வாய்க்கால் பத்தாது. குறுகலான இடம் போய்விடாது, இடம் மாறும். பாட்டில்நெக் என்ற சொல்லில்கூட இல்லாத இந்த விஷயம் மடையில் தானாகவே வந்துவிடுகிறது.

இன்னொன்று, தலைமடை, கடைமடை என்று இரண்டு சொற்கள் செய்தித்தாளிலேயே புழங்குகின்றன. ‘கடைமடை வரை தண்ணீர் போகவில்லை’ என்று படிக்காதவர் யார்? அந்த வரிசையில் குறுமடை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது.

> கோயம்புத்தூரில் அபார்ட்மென்டில் வளர்கிற பிள்ளைக்கு மடை தெரியுமா?

மடை திறந்த வெள்ளம்போலப் பேசினார் என்றால் அந்தப் பிள்ளைக்குப் புரிகிறதா இல்லையா? புரிகிறது. அது போதும்.

சரி, இந்தச் சொல்லைத் தம்பியின் பெட்டியிலேயே வைத்துப் பார்ப்போம், வேலைக்கு ஆகுமா என்று தெரிந்துவிடும். அதற்கு முன் ஒன்று. பிராசஸருக்குச் செயலி என்றால் இப்போது மொபைல் ஆப்பும் செயலிதான், குழப்பம். நான் மையச் செயலி என்றே எழுதுகிறேன்.

முதலில் குறுமடை எங்கே என்று அளக்க வேண்டும். கேம் ஓடும்போது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற அளவு காட்டும் மென்பொருளைத் திரையில் காட்டவிட்டு கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 97, 98 சதவீதத்திலேயே நின்றால் குறுமடை கார்டு. 60, 70 என்று தொங்கிக்கொண்டிருந்தால், பிரேம் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதற்கு) வரம்பு எதுவும் வைக்காமல் இருந்தால், பெரும்பாலும் மையச் செயலி. இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மையச் செயலியின் மொத்தப் பயன்பாடு 50 சதவீதம் என்று காட்டும், ஆனால் அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒரே ஒரு கோர் மட்டும் முழுவதும் நிறைந்திருக்கும், கேம் அந்தக் கோருக்காகத்தான் காத்திருக்கும். ஆகவே கோர் கோராகப் பாருங்கள். இன்னும் எளிய வழி, ரெசல்யூஷனை (திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை) குறைத்துப் பார்ப்பது. பிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டு, அசையாமல் இருந்தால் மையச் செயலி. தம்பியின் மானிட்டர் 1366×768 என்பதால், பெரிய கார்டு வாங்கிப் போட்டாலும் குறுமடை சீக்கிரமே மையச் செயலி பக்கம் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இணையத்தில் இரண்டு பெயரைக் கொடுத்தால் ‘உங்களுக்கு 23 சதவீதம் பாட்டில்நெக்’ என்று சொல்கிற பக்கங்களை நம்ப வேண்டாம். கேம் மாறினால், ரெசல்யூஷன் மாறினால் குறுமடை மாறுகிறது. அப்புறம் அந்த ஒற்றை எண்ணுக்கு என்ன பொருள்?

ரேம் விஷயத்தில் குறுமடை என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. டிடிஆர்3-1600 ஒற்றைக் குச்சி என்றால் நொடிக்கு 12.8 ஜிபிதான் போய்வர முடியும். அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி குச்சியை அடுத்த ஸ்லாட்டில் போட்டால் இரண்டு வழியும் திறந்து 25.6 ஆகிறது. எச்81 போர்டில் இருப்பது இரண்டே ஸ்லாட், 16 ஜிபி வரை ஏற்கும். பழைய குச்சியாகவே வாங்கலாம். அதோடு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி. பிரேம் எண்ணிக்கை அதனால் பெரிதாக ஏறாது, ஆனால் மேப் லோடு ஆகிற நேரமும் விண்டோஸ் எழுந்திருக்கிற நேரமும் வெகுவாகக் குறையும்.

அடுத்து ஆபீஸ் மெஷின்களிலிருந்து கழற்றி விற்கிற ஐ7-4770. அதே சாக்கெட், அதே நான்கு கோர், ஆனால் எட்டுத் த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை இழைகளை ஓட்டும். புதிய கேம்களில் நடுநடுவே வெட்டி வெட்டி ஓடுவது இதில் நன்றாகக் குறையும். 4790 கிடைத்தால் பழைய எச்81 போர்டில் முதலில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்ய வேண்டியிருக்கலாம், கடைக்காரரிடம் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

கார்டில்தான் கவனம் வேண்டும். ஒருவர் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி சொல்லியிருந்தார். 2022இல் வந்தது, பழைய கார்டைவிட எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஆனால் அந்தக் கார்டுக்குப் போர்டோடு பேச நான்கே லேன்தான் (தரவு போகிற தடம்), அதையும் கார்டையும் போர்டையும் இணைக்கிற பிசிஐஇ வழியின் 4.0 வேகத்தை நம்பி வடிவமைத்திருக்கிறார்கள். எச்81இன் ஸ்லாட் பிசிஐஇ 2.0. நொடிக்குச் சுமார் 8 ஜிபி போக வேண்டிய வழியில் 2 ஜிபிதான் போகும். கார்டின் சொந்த நினைவகமும் 4 ஜிபிதான், அது நிறைந்ததும் எல்லாம் அந்தக் குறுகிய வழியாக வந்துபோகத் தொடங்கும். கார்டில் பழுதில்லை, போர்டில் பழுதில்லை, இரண்டும் சேர்கிற இடம் குறுமடை. இதைத் தடை என்று எப்படி எழுதுவது?

அதற்குப் பதில் ஜிடிஎக்ஸ் 1650 பழையதாகப் பாருங்கள். 16 லேன் இருக்கிறது, அதனால் 2.0 ஸ்லாட்டிலும் பெரிய இழப்பு இல்லை. 75 வாட்தான், தனி பவர் கேபிள் கேட்காத மாடல்கள் நிறைய உண்டு. ஆர்எக்ஸ் 6600 அதைவிட நல்ல கார்டு, 132 வாட், 8 பின் கேபிள் கேட்கும், கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை (பெட்டிக்கு மின்சாரம் தரும் பாகத்தை) நம்பி மாட்டக் கூடாது.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இந்தத் தலைமுறை மையச் செயலி இல்லை. ஆகவே அடுத்த பெட்டிக்கும் எடுத்துப் போகக்கூடிய எஸ்எஸ்டி, கார்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றிலும் அதிகமாகவும், டிடிஆர்3 ரேமிலும் ஐ7-4770இலும் குறைவாகவும் காசு போடுவதுதான் நியாயம்.

சொல்லுக்கு வருகிறேன். சொற்பட்டியலில் சேர்ப்பதானால் இப்படிச் சேர்க்கலாம்: குறுமடை, ஓர் ஓட்டத்தின் மொத்த அளவை அந்த நேரத்தில் வரம்பிடும் மிகக் குறுகிய பகுதி. ‘இந்த கேமில் மையச் செயலி குறுமடையாகிறது’, ‘ரேமைக் கூட்டியதும் குறுமடை கார்டுக்கு நகர்ந்தது’. பனியன் கம்பெனி லைனில் ஒரு மெஷினில் மட்டும் பீஸ் குவிந்தால் அதற்கும் இதே சொல் செல்லும், நெட்வொர்க்குக்கும் செல்லும். மையச் செயலிக் குறுமடை என்று ஒற்று போட்டு எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதைப் புலவர் ஐயா சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

தம்பி, உங்கள் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புங்க. அதைப் பார்த்துவிட்டுக் கார்டை முடிவு செய்யலாம்.