இணையம் இல்லாத உபுண்டு கணினியில் தமிழ்99 நிறுவ உதவி தேவை: ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்கிறது

தோட்டத்து வகுப்பு (சுங்கை சிப்புட்):
வணக்கம். செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். நன்கொடையாக வந்த ஆறு கணினிகளிலும் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற இயங்குதளம் ஓடுகிறது. மண்டபத்தில் இணையம் இல்லை. கைப்பேசிக்கும் அலை எட்டாது. தமிழ் தட்டச்சுக்காக ஐபஸ்-எம்17என் தொகுப்பின் டெப் கோப்பை (உபுண்டுவின் நிறுவல் கோப்பு) பட்டணத்தில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, அதை நிறுவும் டிபிகேஜி கட்டளையைக் கொடுத்தேன். அதற்குத் தேவையான லிப்எம்17என்-0 என்ற தொகுப்பு இல்லை என்றது. அதையும் கொண்டுவந்தேன். இப்போது லிப்ஜிலிப்2.0-0டி64 இல்லை என்கிறது. போதாக்குறைக்கு, லிப்சி6 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும், இருப்பதோ 2.35 என்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணம் போய்வர முடியவில்லை.

கணினியோடு வந்த தமிழ் விசைப்பலகையில் புள்ளி தானாக விழுவதில்லை. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். இரண்டாவது ம விழுந்ததுமே முதல் ம புள்ளி பெற்றுவிடும். பிள்ளைகளின் விரல்கள் இதில்தான் பழக வேண்டும் என்று விரும்புகிறேன். வழி சொல்லுங்கள்.

கிந்தா (ஈப்போ):
டீச்சர், டிபிகேஜியோடு ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். சார்புகளை, அதாவது அது நம்பியிருக்கும் மற்ற தொகுப்புகளை, பார்க்காமல் நிறுவிவிடும்.

முனையம் (பட்டர்வொர்த்):
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டாயப்படுத்தினால் கோப்பு உள்ளே போகும், நிரல் ஓடாது. அடுத்து லிப்சி6-ஐயும் புதிதாகக் கொண்டுவந்து திணிக்கத் தோன்றும். கணினியில் உள்ள ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அது கெட்டால் கணினி எழும்பாமலே போகலாம். ஆறு கணினிகளும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

டீச்சர், விடை உங்கள் பிழைச் செய்தியிலேயே இருக்கிறது. அந்த ‘டி64’ என்ற வாலைப் பாருங்கள். கணினி நேரத்தை நொடிகளாக எண்ணும் 32 பிட் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழிந்துவிடும். அதைச் சரிசெய்யும் வேலையில்தான், 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-இல் பல நூலகத் தொகுப்புகளுக்கு (நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் துண்டுகள்) இந்த வால் ஒட்டியது. 22.04-இல் அந்தத் தொகுப்பின் பெயர் வெறும் லிப்ஜிலிப்2.0-0. லிப்சி6-உம் அப்படியே: 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. கோப்புகளை இறக்கிய கணினியில் எந்தப் பதிப்பு?

தோட்டத்து வகுப்பு:
தெரிந்தவர் வீட்டுக் கணினி. கேட்டுப் பார்த்தேன், 24.04தான். என்னென்ன கோப்புகள் தேவை என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

முனையம்:
உண்டு. முதலில், அரைகுறையாக நிற்கும் இரண்டையும் நீக்குங்கள்: சூடோ டிபிகேஜி --ரிமூவ் ஐபஸ்-எம்17என் லிப்எம்17என்-0. பிறகு சூடோ ஆப்ட்-கெட் செக். (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது; ஆப்ட்-கெட் என்பது தொகுப்புகளை இறக்கி நிறுவும் கருவி.) குறை எதுவும் சொல்லாவிட்டால் கணினி நலமாக இருக்கிறது என்று பொருள். அதன்பின் ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --பிரிண்ட்-யூரிஸ் ஐபஸ்-எம்17என் என்று கொடுத்தால் எதையும் நிறுவாது. தேவையான எல்லாக் கோப்புகளின் முகவரிகளையும் வரிசையாக எழுதிக் காட்டும். அதைப் பென் டிரைவில் சேமித்துக்கொண்டு ஒரே தடவையில் இறக்கி வரலாம்.

மழைக்காலம் (தாப்பா):
அண்ணன் சொன்ன வழி சரிதான். ஆனால் டீச்சர் கணினியில் உள்ள தொகுப்புப் பட்டியல் பழையதாக இருந்தால், அந்த முகவரிகளில் சில இப்போது சர்வரில் இருக்காது. எங்கள் தோட்டத்து நூலகத்துக்கும் இணையம் இல்லை. அங்கே நாங்கள் செய்தது இதுதான்: ஒரே ஒரு சிபியுவை மட்டும் பட்டணத்துக்குத் தூக்கிப் போனோம். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து அதன் டேட்டாவையே பயன்படுத்தினோம்.

அங்கே ஆப்ட்-கெட் கிளீன், ஆப்ட்-கெட் அப்டேட். பிறகு ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி ஐபஸ்-எம்17என். மூன்றுக்கும் முன்னால் சூடோ உண்டு. கோப்புகள் எல்லாம் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் அடைவில் வந்து சேரும். ‘கெட்’ இல்லாமல் வெறும் ஆப்ட் கொடுத்து நிறுவினால், வேலை முடிந்ததும் அந்தக் கோப்புகளை அழித்துவிடும். மற்ற ஐந்துக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஆறும் ஒரே மாதிரி நிறுவப்பட்டவை என்றால், கோப்புகளை ஓர் அடைவில் போட்டு, அதற்குள் நின்று சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./*.டெப் கொடுங்கள். டிபிகேஜி போலன்றி, இது சார்புகளையும் வரிசையையும் தானே பார்த்துக்கொள்ளும். சம்மதம் கேட்கும்போது ‘ஒய்’ (Y) அழுத்துவதற்கு முன்னால், நீக்கப்படும் தொகுப்புகள் என்று ஏதேனும் பட்டியல் வருகிறதா என்று படியுங்கள். வந்தால் ‘என்’ (N) விசையை அழுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

தோட்டத்து வகுப்பு:
ஆறிலும் நிறுவியாயிற்று. நீக்கும் பட்டியல் வரவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐக் காணவில்லையே?

முனையம்:
ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். உள்ளீட்டு முறைகளைக் கையாளும் ஐபஸ் அப்போதுதான் புதிய முறைகளைப் படிக்கும். பிறகு அமைப்புகளில் விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள், கூட்டல் குறி. தமிழ் உடனே தெரியாவிட்டால் மூன்று புள்ளிகளை அழுத்தித் தேடுங்கள். எம்17என் என்று பக்கத்தில் எழுதியிருக்கும் தமிழ்99-ஐயே எடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாதது பழைய விசைப்பலகை, அதில் புள்ளி தானாக விழாது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸ்.