மறு: எக்ஸ்டென்ஷன் – ‘நீட்சி’ சரி, ‘இல்லை’ சரியா?

வணக்கம். ஒரு மென்பொருளோடு சேர்ந்து அதற்குக் கூடுதல் திறன் தரும் துணைநிரல்தான் ‘எக்ஸ்டென்ஷன்’. தரவுத்தளத்துக்கான எக்ஸ்டென்ஷன் இல்லை என்று வரும் பிழைச்செய்தியை எப்படித் தமிழாக்குவது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘விரிவாக்கம்’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘தரவுத்தள விரிவாக்கம்’ என்று படித்தால் தரவு பெருத்து வட்டில் இடம் போதவில்லை என்றுதான் வழங்கியை (சர்வர்) பார்த்துக்கொள்பவர் நினைப்பார். ‘நீட்டிப்பு’ கோப்புப் பெயரின் வாலுக்குப் போய்விட்டது. ‘இணைப்பு’ வேண்டவே வேண்டாம்; தரவுத்தளத்தோடு இணைப்பு கிடைக்காதது தனிப் பிழை, கடவுச்சொல் தவறினாலும் வரும். மீடியாவிக்கி தமிழாக்கத்தில் ‘நீட்சி’ ஏற்கெனவே புழங்குகிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

என் கவலை அதற்கு அடுத்த சொல்லில். ‘நீட்சி இல்லை’ என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அந்த ‘இல்லை’ ஆளை அலையவிடுகிறது.

போன மாதம் நண்பர் ஒருவர் தன் வழங்கியின் இயங்குதளத்தை உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாற்றினார். கூடவே வலைத்தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியும் 7.4-இலிருந்து 8.1 ஆனது. வேர்ட்பிரஸ் தளத்தைத் திறந்தால் மைஎஸ்கியூஎல் நீட்சி (மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேச உதவுவது) இல்லை என்று ஒரே ஒரு வரி. அதன் பொதியை (பேக்கேஜ்) நிறுவப் போனார்; ஏற்கெனவே இருக்கிறது என்று பதில். முனையத்தில் (டெர்மினல்) நீட்சிகளைப் பட்டியலிடும் ‘பிஎச்பி -எம்’ அடித்தால் பட்டியலில் அந்த நீட்சியான மைஎஸ்கியூஎல்ஐ இருக்கிறது. உலாவியில் மட்டும் ‘இல்லை’. இரவு பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார்.

பிஎச்பியின் அமைவு அடைவுக்குள் (ஃபோல்டர்) போய்ப் பார்த்தோம். ‘சிஎல்ஐ’ அடைவில் ‘20-மைஎஸ்கியூஎல்ஐ.ஐஎன்ஐ’ இருந்தது, ‘எஃப்பிஎம்’ அடைவில் இல்லை. முனையத்துக்கு (சிஎல்ஐ) ஓர் அமைவு, வலைத்தளத்துக்கு (எஃப்பிஎம்) வேறோர் அமைவு. ‘பிஎச்பிஎன்மாட்’ கட்டளையால் எஃப்பிஎம் பக்கமும் நீட்சியை இயக்கி, அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தோம். தளம் வந்துவிட்டது.

ஆக, நீட்சி வட்டில் இருந்தது, வலைத்தளத்துக்கான பிஎச்பியில் ஏறவில்லை. இந்த நிலையைச் சொல்லத் தமிழில் நல்ல அச்சு இருக்கிறது. செல்லாக்காசு கையில் இருக்கும், கடையில் செல்லாது. அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் (‘செல்லாத’ என்பது ‘த’ கெட்டு ‘செல்லா’ ஆவது) ‘ஏறாநீட்சி’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. பொதியே வராதது ‘நிறுவாநீட்சி’. முதலாவதைப் படித்தவர் அமைவுக் கோப்பைப் பார்ப்பார், இரண்டாவதைப் படித்தவர் பொதியைத் தேடுவார். பிழைச்செய்தி செய்ய வேண்டிய வேலை அதுதானே?

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பிஎச்பியின் பழைய ‘மைஎஸ்கியூஎல்’ நீட்சி 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்போடு நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய பழைய நிரல் புது வழங்கியில் விழும்போது, எந்தப் பொதியை நிறுவியும் பயனில்லை. நிரலை அதற்கு மாற்றான மைஎஸ்கியூஎல்ஐக்கோ பிடிஓவுக்கோ மாற்றித்தான் ஆக வேண்டும். இதை ‘கைவிட்ட நீட்சி’ எனலாம்.

> எக்ஸ்டென்ஷன் என்றே விட்டால் என்ன?

பேச்சில் விடலாம், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் பெயரை அப்படியே வைத்தாலும் ‘ஏறவில்லை’, ‘நிறுவவில்லை’ என்ற பிரிவு வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்தான் எனக்கு இடிக்கிறது. அங்கே 9.1 பதிப்பிலிருந்து, நீட்சியைத் தரவுத்தளத்தில் சேர்க்கும் ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ கட்டளை இருக்கிறது. பொதியை வழங்கியில் ஒருமுறை நிறுவினால் போதும். ஆனால் அந்தக் கட்டளையை ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். நீட்சியின் விவரம் அடங்கிய கன்ட்ரோல் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் அது நிறுவாநீட்சி, சரி. கோப்பு இருந்தும் அந்தத் தரவுத்தளத்தில் மட்டும் உருவாக்காமல் விட்டதை ‘ஏறாநீட்சி’ என்றால், நூலகக் கோப்பை நினைவகத்தில் ஏற்றுவதோடு குழம்பும். ‘சேராநீட்சி’ என்று ஒன்று தோன்றுகிறது, மனம் முழுதாக ஒப்பவில்லை. போஸ்ட்கிரெஸில் தினமும் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறேன்.