எக்ஸிமா உள்ள குழந்தைக்கு ஆன்டிபயாடிக்கில் வடியாத சிவந்த வீக்கம்: பயாப்சி தேவையா?

கேள்வி (ஒரு தாய்):
வணக்கம். என் ஏழு வயது மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே எக்ஸிமா (அரிப்புள்ள தோல் அழற்சி) வந்தது; பிறகு ஆஸ்துமாவும் சேர்ந்துகொண்டது. அண்மையில் பூச்சி கடித்த இடத்தைச் சுற்றி, கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்து வீங்கியது. செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடித்திசுவிலும் வரும் பாக்டீரியா தொற்று) என்று கருதி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். முழுவதும் கொடுத்து முடித்த பிறகும் வீக்கம் வடியவில்லை. காய்ச்சல் இல்லை, ஆனால் அரிப்பு அவனைத் தூங்கவிடுவதில்லை. இப்போது மறுகாலிலும் அதேபோல் தொடங்கியிருக்கிறது. தோல் மருத்துவர், வெல்ஸ் நோயாக இருக்கலாம் என்று கூறிப் பயாப்சி (சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார். ரத்தத்தில் இயோசினோபில் (ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளை அணு) இயல்பாகத்தான் இருக்கிறது. அப்படியிருக்கக் குழந்தையின் தோலை வெட்டி எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் 1 (குழந்தைகள் தோல் மருத்துவர்):
அம்மா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆயினும் அவர் கேட்பது நியாயமே. பாக்டீரியாவால் வரும் செல்லுலைட்டிஸ் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் வரும், தொட்டால் வலிக்கும், பலருக்குக் காய்ச்சலும் இருக்கும். வலியைவிட அரிப்பு மிகுந்து, இரு கால்களிலும் தோன்றி, ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத வீக்கத்துக்கு வேறு காரணம் தேடியே ஆக வேண்டும். 1971-இல் ஜார்ஜ் வெல்ஸ் விவரித்த இந்த அரிய நோயில், இயோசினோபில் அணுக்கள் தோலின் உள்ளடுக்கில் குவிந்து தம் புரதங்களை வெளியேற்றுகின்றன. அவை தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நார்களின் மேல் படிவதால், நுண்ணோக்கியில் தீச்சுடர் வடிவத் திட்டுகள் தெரிகின்றன. ரத்தத்தில் இயோசினோபில் உயர்வது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். ஆகவே, இயல்பான அளவு இந்நோயை மறுக்காது. உயர்ந்திருந்தாலும், எக்ஸிமா உள்ள குழந்தைக்கு அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பயாப்சிக்கு மரத்துப்போக ஊசி போட்டுச் சில மில்லிமீட்டர் தோலைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்தச் சுடர்த் திட்டுகள் வெறும் பூச்சிக்கடியிலும் ஒட்டுண்ணித் தொற்றிலும்கூடக் காணப்படுவதால், அறிக்கையைக் குழந்தையின் முழு வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பதில் 2 (ஒரு தந்தை):
சகோதரி, என் மகளுக்கும் இதே நோய்தான். சிவப்பு தணிந்த பிறகு அந்த இடம் பச்சை கலந்த சாம்பல் நிறமாக மாறியபோது நாங்கள் மிகவும் பயந்தோம். அது நோய் ஆறும் வழியில் வரும் நிறம் என்று மருத்துவர் விளக்கினார். தழும்பின்றி ஆறியது, பிறகு ஒருமுறை திரும்பவும் வந்தது. வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு அன்றாடம் படம் எடுத்து வையுங்கள். புதிய மருந்து, பூச்சிக்கடி, காய்ச்சல் எது வந்தாலும் தேதியோடு குறித்து வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. பயாப்சி செய்துகொள்கிறோம். எக்ஸிமாவுக்காக வீட்டில் வைத்திருக்கும் ஸ்டீராய்டு களிம்பை அதுவரை தடவலாமா?

பதில் 1 (குழந்தைகள் தோல் மருத்துவர்):
வேண்டாம் அம்மா; பயாப்சிக்கு முன் தடவினால் திசுவில் தெரிய வேண்டிய மாற்றங்கள் மங்கக்கூடும். நோய் உறுதியானால், சிறிய இடத்துக்குக் களிம்பே போதும். பரவலாக இருந்தால் வாய்வழி ஸ்டீராய்டைச் சிறிது காலம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஆஸ்துமாவுக்கு அவன் எடுக்கும் இன்ஹேலரையும் அப்போது மறவாமல் சொல்லுங்கள். இதற்கிடையே காய்ச்சலோடு வலி மிகுந்தாலோ, எக்ஸிமா உள்ள தோலில் ஒரே அளவிலான நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக எழுந்து குழிப்புண்களாக உடைந்தாலோ, அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.