கிளிநொச்சியில வைச்சு ஓட: மக்கான் 2 லீற்றரா, எக்ஸ்3 எம்40ஐ ஆ? லீசிங் கணக்கும் தேவை

பரந்தன் சந்தி:
வணக்கம். 2019 போர்ஷ மக்கான் (நாலு சிலிண்டர், 2 லீற்றர்) ஒண்டும், அதே ஆண்டு பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ ஒண்டும் கொழும்பில நிக்குது. ரெண்டும் பதிஞ்ச வாகனம், விலையும் கிட்டத்தட்ட ஒண்டுதான். பாதிக் காசு கையில இருக்கு, மிச்சம் லீசிங். ஓட்டம் கூடுதலா கிளிநொச்சி – வவுனியா ஏ9. இடைக்கிடை புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளுக்க கிரவல் ரோட்டு. எம்40ஐ 360 குதிரைவலு, மக்கான் 250 ஐச் சுற்றித்தான். சக்தியைப் பாக்கிறதோ, ஓடுற சுகத்தைப் பாக்கிறதோ? லீஸ் முடிய வாகனத்தைத் திருப்பிக் குடுத்திட்டு வேற எடுக்கலாம் எண்டு யூரியூப்பில சொல்லுறாங்கள். இஞ்ச அப்பிடி இருக்கோ?

கணக்குப்பிள்ளை:
இல்லைத் தம்பி. இஞ்ச லீசிங் எண்டுறது பேரளவில வாடகை, உண்மையில தவணைக் கடன். சி.ஆரில (வாகனப் பதிவுப் புத்தகத்தில) அப்சலூட் ஓனர், அதாவது முழு உரிமையாளர் எண்ட இடத்தில கொம்பனியின்ர பேர் இருக்கும், கடைசித் தவணை முடிஞ்சாப் பிறகுதான் அது மாறும். கிலோமீற்றர் கட்டுப்பாடு இல்லை. அதே நேரம், விலை விழுந்தா அந்த நட்டம் முழுக்க உங்கட தலையில.

எத்தினை வீதம் குடுக்கலாம் எண்டதுக்கு மத்திய வங்கி உச்ச எல்லை வைச்சிருக்கு. அது அடிக்கடி மாறுற எண், போற அண்டைக்குக் கேளுங்கோ. இப்போதைக்கு 50 எண்டு வைப்பம். அந்த 50, விக்கிறவர் சொல்லுற விலையில இல்லை. கொம்பனி அனுப்புற ஆள் எழுதுற வலுவேசனில (மதிப்பீட்டில). விலை 3 கோடி 20 லட்சம், வலுவேசன் 3 கோடி எண்டா, லீசிங் ஒண்டரைக் கோடி. நீங்கள் 1 கோடி 70 லட்சம் கொண்டு போகவேணும். பாதிக் காசு கையில இருக்கு எண்டு நம்பிப் போறவை கடைசி நேரத்தில அந்தப் பத்து லட்சத்துக்குத்தான் ஓடித் திரியிறது.

ஒண்டரைக் கோடி, 60 மாதம், குறையிற மீதிக்கு வருசம் 13 வீதம் எண்டா தவணை ஏறத்தாழ 341,300 ரூபா. வட்டி மட்டும் 55 லட்சத்துக்குக் கிட்ட. இதையே 7.3 வீத ஃப்ளாட் (முதல் எடுத்த முழுத் தொகைக்கும் கடைசி வரை போடுற வட்டி) எண்டு சொல்லி விப்பினம், ரெண்டும் ஒரே காசு. ஆகவே வீதத்தைக் கேக்காதேங்கோ, தவணையை 60 ஆல பெருக்கி எவ்வளவு போகுது எண்டு பாருங்கோ. 30 வீதத்தை ரெசிடுவலா (கடைசியில கட்டுற மிச்சமா) விட்டா தவணை 287,700 க்கு இறங்கும். கேக்க நல்லாத்தான் இருக்கும். கடைசியில 45 லட்சம் ஒரேயடியாக் கட்ட வேணும், மொத்த வட்டியும் கிட்டத்தட்ட 13 லட்சம் கூடும். இடையில முடிச்சா வட்டியில எவ்வளவு கழிப்பினம் எண்டதை கையெழுத்துக்கு முதல் எழுத்தில எடுங்கோ. வாயால சொல்லுறது எதுவும் நிக்காது.

ஃபுல் இன்சூரன்ஸ் கட்டாயம். மாடு, யானை அடிச்ச சேதம், கண்ணாடி ரெண்டும் எப்பிடிக் கவராகுது, எக்ஸஸ் (சேதத்தில நீங்களே கட்டுற பங்கு) எவ்வளவு எண்டு பாத்து எடுங்கோ. இரவில மாங்குளம் தாண்டி ஓடுற ஆளுக்கு இது சின்ன விசயம் இல்லை.

ரொறன்ரோக் குளிர்:
அந்த யூரியூப் கணக்கு வட அமெரிக்காவுக்கு உரியது. இங்க கொம்பனியே வாகனத்தின்ர கடைசிப் பெறுமதியை முதலே தீர்மானிச்சு, இடையில தேயிற காசுக்கும் வட்டிக்கும்தான் தவணை போடும். அமெரிக்காவில வட்டியை 0.0030 மாதிரி ஒரு எண்ணாச் சொல்லுவினம்; 2400 ஆல பெருக்கினா வருச வட்டி, அதாவது 7.2 வீதம். கிலோமீற்றர் எல்லை தாண்டினா ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் காசு, ரிம்மில கீறல் இருந்தா அதுக்கும் காசு. கிரவல் ரோட்டில ஓடிப்போட்டு இங்க திருப்பிக் குடுக்க ஏலாது, அதையும் சொல்லவேணும்.

ஸ்பானர்:
வாகனத்துக்கு வருவம். என்ர தெரிவு மக்கான், ஆனா எந்த மக்கானும் இல்லை.

ஊருக்கு வெளியில சட்ட எல்லை மணிக்கு 70. நூறைத் தொட எம்40ஐ க்கு 4.8 செக்கன், 2 லீற்றர் மக்கானுக்கு 6.7. ஏ9 இல நீங்கள் உண்மையாச் செய்யிறது ட்ரக்டரை 40 இல பிடிச்சு 70 இல தாண்டுறது. அந்த இடத்தில ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு செக்கனுக்குள்ளதான். மிச்ச நேரம் முழுக்க நீங்கள் கையில உணர்றது ஸ்டியரிங்கையும் ஷொக்கையும். மக்கானின்ர ஸ்டியரிங் முன் ரயர் என்ன செய்யுது எண்டு சொல்லும், எக்ஸ்3 இன்ரது அவ்வளவு சொல்லாது. வளைவு வேணுமெண்டா ஏ9 இல மாத்தளை தாண்டவேணும், அது வேற கதை. ஓமந்தைக்கும் முறிகண்டிக்கும் இடையில சுகம் எண்டா, ஒட்டுப்போட்ட தாருக்கு மேல வண்டி ஒருக்கா எழும்பி உடனே அடங்கிறது.

அதைத் தீர்மானிக்கிறது ரயரின்ர பக்கச் சுவர். மக்கானில 18 அங்குலம் எண்டா முன்னுக்கு 235/60, அதாவது அகலம் 235 மில்லிமீற்றர், சுவர் அதில 60 வீதம்: 141 மில்லிமீற்றர். 20 அங்குலம் 265/45: 119. 21 க்குப் போனா 106. எம்40ஐ இல 20 அங்குலம் முன்னுக்கு 245/45, பின்னுக்கு 275/40, ரெண்டும் 110. அதோட ரன்ஃப்ளாட் (காத்துப் போனாலும் ஓடுற ரயர்) இருந்தா சுவர் இன்னும் விறைப்பு. காத்தில்லாமல் மணிக்கு 80 இல 80 கிலோமீற்றர் ஓடும் எண்டது உண்மைதான், ஆனா கிரவல் குழியில ரிம் விளிம்பு வளையும், சுவர் பொம்மும். பொம்மின ரயருக்கு ஒட்டு இல்லை, மாத்துறதுதான்.

மாத்தேக்க ஒண்டை மட்டும் மாத்தக்கூடாது. ரெண்டும் நாலு சில்லும் இழுக்கிற வண்டி. தேய்மானம் வித்தியாசப்பட்டா ஒரே வேகத்தில முன் சில்லும் பின் சில்லும் வேற வேற அளவு சுத்தும். சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள இருக்கிற கிளச் தட்டு ஓய்வில்லாமல் வழுக்கி ஒயிலை எரிக்கும். அந்தச் சாமான் மாத்துற காசில ரயர் பல சோடி வாங்கலாம். அச்சுக்கு ரெண்டா, அதே பிராண்டில, கொம்பனி ஒப்புக்கொண்ட ரயர் எண்டதுக்கு அடையாளமா பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, போர்ஷவுக்கு என் (N) குறி உள்ளதாப் போடுங்கோ. முன்பின் அளவு வேற எண்டதால இடம் மாத்தித் தேய்க்கவும் ஏலாது.

குளக்கட்டு:
ஸ்பானர் அண்ணை சொல்லுறதில பாதிதான் சரி. எம்40ஐ இன்ர ஆறு சிலிண்டரை நூறு தொடுற நேரத்தில அளக்கிறது பிழை. இழுவை 500 நியூற்றன் மீற்றர், அது நிமிசத்துக்கு 1,520 சுழற்சியிலயே வருது; அஞ்சு பேர், பின்னுக்குச் சாமான், ஏசி முழுக்க எண்டு போகேக்க கியர் இறங்காமலே இழுக்கும். மக்கான் 370 தான், அதே இடத்தில ரெண்டு கியர் இறங்கிக் கத்தும். எதிரில பஸ் வரேக்க அந்தக் கியர் இறங்கிற கணம்தான் பயம். அமைதியும் ஒரு சுகம்தானே. நாளாந்தம் நீளமா ஓடுற ஆளுக்கு நான் எம்40ஐ தான் சொல்லுவன். 20 ஐக் கழட்டி 19 அங்குலம் போடுங்கோ. முதல் ஒரு சில்லை மாட்டி பிரேக் கலிப்பரில தட்டுதோ எண்டு சுத்திப் பாத்திட்டு வாங்குங்கோ.

பெற்றோலையும் மறக்காதேங்கோ. ரெண்டுக்கும் ஒக்ரேன் 95 தான் ஊத்தவேணும். எல்லாப் பெற்றோல் செட்டிலயும் 95 இராது. 92 ஊத்தினா நொக் சென்சர் (எஞ்சின் தட்டுறதைப் பிடிக்கிற கருவி) தீப்பொறியைப் பின்தள்ளும், காசு குடுத்து வாங்கின சக்தி அங்கயே போயிடும்.

பரந்தன் சந்தி:
நன்றி அண்ணைமார். அப்ப ரெண்டையும் ஓடிப் பாத்துத்தான் முடிவு. என்னென்ன பாக்கிறது?

ஸ்பானர்:
எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க போங்கோ. சூடாக்கி வைச்சிருந்தா இன்னொரு நாள் வாறன் எண்டு சொல்லுங்கோ.

மக்கானில கூலன்ற் போத்தலின்ர அளவைப் பாருங்கோ. இந்த 2 லீற்றர் எஞ்சினில தேமோஸ்ரற், வோட்டர் பம்ப் இருக்கிற பிளாஸ்ரிக் கூடு வெடிச்சுக் கசியிறது தெரிஞ்ச வருத்தம். நிலத்தில சொட்டு விழாட்டியும், அந்தக் கூட்டைச் சுற்றிக் காய்ஞ்ச இளஞ்சிவப்புப் பூச்சு இருக்கலாம். ஆரும் கிணத்துத் தண்ணி விட்டிருந்தா வெள்ளைக் கல் படிஞ்சிருக்கும், எங்கட பக்கத் தண்ணியில சுண்ணாம்பு கூட. எம்40ஐ இல ஒயில் ஃபில்டர் கூட்டின்ர கஸ்கற் ஈரமா எண்டு பாருங்கோ.

பிறகு மட்டமான நிலத்தில ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சு, அக்ஸிலறேற்றரைத் தொடாமல் மெதுவா ரெண்டு பக்கமும் வட்டம். பிடிச்சுப் பிடிச்சு விட்டா ட்ரான்ஸ்ஃபர் கேஸில சந்தேகம். ரோட்டில 35 இல இருந்து 65 வரை காலை லேசா மட்டும் வைச்சு ஏத்துங்கோ. முறிகண்டியில தேங்காய் உடைச்சிட்டு எடுக்கிற மாதிரி மெல்ல. கால் அமத்தி ஓடினா இந்த உதறல் தெரியாது, விக்கிறவையும் அமத்தித்தான் ஓடிக் காட்டுவினம். லேசான உதறல் ஒயில் மாத்தினாச் சில வேளை போகும், போகாட்டிப் பெரிய செலவு.

ரயரின்ர பக்கத்தில டிஓடி (DOT) எண்ட எழுத்துக்குப் பிறகு வாற கடைசி நாலு இலக்கம்: 2319 எண்டா 2019 இன் 23 ஆம் கிழமை. கட்டை இருந்தாலும் அந்த ரயர் முடிஞ்சது, நாலுக்குமான காசை விலையில கழியுங்கோ. மக்கானில கியருக்குப் பக்கத்தில ஷொக் படம் போட்ட, ஷொக்கின்ர விறைப்பை மாத்திற பொத்தான் இருக்கோ பாருங்கோ. இல்லாட்டி அது சாதாரண ஷொக், நான் மேல சொன்ன சுகம் அதில பாதிதான். 18 அங்குலமும் அந்தப் பொத்தானும் சேர்ந்து கிடைச்சா மக்கான். கிடைக்காட்டி குளக்கட்டு சொன்னபடி எம்40ஐ எடுங்கோ, நான் சண்டைக்கு வரமாட்டன்.

நடுவழியில நிண்டா ரெண்டு சில்லைத் தூக்கி இழுக்க விடாதேங்கோ, நாலும் மேல ஏறிற கரியர்தான். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல, அந்தக் கூலி இன்சூரன்ஸில எவ்வளவு தூரத்துக்கு இருக்கு எண்டதையும் கணக்குப்பிள்ளை சொன்ன பட்டியலோட சேத்துக் கேளுங்கோ.